முத்து போட்ட வீட்டில் ஊசி

எறும்புதான் முதலில் கண்டுபிடித்தது. டாக்டர் இரண்டாவதுதான்.

என் மகள் கோமதிக்கு அப்போது ஏழு வயது. மலையாளம் பேசுகிற ஊரில், சாலை என்று பெயருள்ள கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா. அவருடைய அக்காவும் கணவர் இறந்த பிறகு பூதப்பாண்டியிலிருந்து வந்து எங்களோடுதான் இருந்தாள். நான் அவளை மைனி என்று கூப்பிடுவேன். இவ்வளவு பேர்தான் வீட்டில்.

புறவாசலில் குளிக்கிற மறைப்புக்குப் பக்கத்தில் ஓர் ஓடை. ஒரு நாள் காலையில் அதன் கரையில் எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. யாரோ கருப்புக்கட்டியைச் சிந்தியிருக்கிறார்கள் என்று தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். மறுநாளும் அதே இடத்தில் எறும்பு. எனக்கு ஒரு குணம் உண்டு. ஒன்று ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மூன்று நாள் வேலையைப் போட்டுவிட்டு அந்த ஓடைக்கரையிலேயே குத்த வைத்திருந்தேன். கோமதி ஒன்றுக்கு இருந்த இடத்தில் மட்டும் எறும்பு வந்தது. மற்றவர்கள் போன இடத்தை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் மற்றதெல்லாம் உறைத்தது. பிள்ளை கொஞ்ச நாளாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாள். நன்றாகத்தான் சாப்பிடுகிறாள், ஆனால் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. இவரிடம் சொன்னபோது சிரித்தார்.

"எறும்பு ஊருகதுக்கெல்லாம் டாக்டராட்டி செம்பகம்? அப்போ ஈ மொய்ச்சா யாரைப் பாக்கணும்?"

"ஈயை நான் பாத்துக்கிடுதேன். நீங்க எறும்புக்கு ஆஸ்பத்திரிக்கு வாருங்க," என்றேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிரிக்கவில்லை. மதராஸில் படித்தவர், மலையாளமும் தமிழும் கலந்துதான் பேசுவார். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றினார். கோமதியின் மூத்திரத்தில் எட்டுச் சொட்டு அதில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது. பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று இருந்தபோதும், அந்த நிறம் மாறியதைப் பார்த்து எனக்கு அதிசயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், இன்னொரு தரம் காய்ச்சிக் காட்டச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது.

"இது சர்க்கரைத் தீனம், சர்க்கரை வியாதி, கேட்டோ," என்றார். "வயசானவர்க்கு மாத்ரமில்லை, குட்டிகளுக்கும் வரும். சாப்பிடுற சோறு வயித்தில சர்க்கரையாகும். அது உடம்புக்குள்ள போறதுக்கு இன்சுலின்னு ஒரு சாவி வேணும். உங்க மகளுக்கு அந்தச் சாவி உண்டாகுறதில்லை. வாசல் திறக்காததால சர்க்கரை எல்லாம் மூத்திரத்தில போகுது. நம்ம ஊசி வழியா சாவி கொடுக்கணும்."

"எத்தனை நாளைக்கு?"

அவர் கையிலிருந்த குழாயைக் கழுவப் போய்விட்டார். கழுவிவிட்டு வந்து, "எல்லா நாளும்," என்றார்.

இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இப்போது யாராவது ஒரு தாய் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டைத் தேடி வந்து, 'அக்கா, ஊசி எப்படிப் போடுறது, காய்ச்சல் வந்தா என்ன செய்யுறது' என்று கேட்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் நான் செய்த தப்பை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறேன். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

முதல் தடவை பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஏலியாம்மா என்ற நர்ஸ் ஒரு வழுதலங்காயை, அதாவது கத்தரிக்காயை, என் கையில் கொடுத்து, அதில் ஊசி குத்திப் பழகச் சொன்னாள். நான் குத்திய வழுதலங்காய்களை எல்லாம் சேர்த்திருந்தால் ஒரு கல்யாணத்துக்கே அவியல் வைத்திருக்கலாம். பிறகு என் தொடையிலேயே வெறும் ஊசியைக் குத்திப் பார்த்தேன். இவர் அதைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் நாள் அந்த ஊசியைச் சுற்றியே ஓடியது. காலை ஏழு மணிக்கு மூத்திரம் காய்ச்சல், ஊசி, பிறகு தோசை. சாயங்காலம் ஆறு மணிக்கும் அதே. கண்ணாடி சிரிஞ்சைத் தண்ணீரில் கொதிக்க வைக்க வேண்டும். ஊசி மழுங்கினால் கல்லில் தீட்ட வேண்டும். மருந்துக் குப்பியை ஈர மணல் போட்ட மண்பானையில் வைத்திருந்தோம். காய்ச்சி வந்த நிறத்தைத் தினமும் நோட்டில் எழுதினேன். நீலம் வந்த அன்று வீட்டில் எல்லோர் முகமும் தெளிந்திருக்கும். ஆரஞ்சு வந்தால் இவர் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். மைனிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் தூரத்திலிருந்தே குழாயைப் பார்த்து, "இன்னைக்கு மாம்பழமா, இலையா?" என்று கேட்பாள்.

கோமதி முதல் வாரம் அழுதாள். அப்புறம் அழவில்லை. பாவாடையை ஒதுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். பழகிவிட்டாள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு நாள் ஊசி போட்ட பிறகு தோசை வேண்டாம் என்று அடம்பிடித்தாள். அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் வேர்த்து, நாக்குக் குழறி, என்னை யார் என்றே தெரியாதவளாக முழித்தாள். சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றியதும் தெளிந்தாள். அன்று நான் ஒரு பாடம் படித்தேன். சோறு இல்லையென்றால் ஊசி ஆபத்து. அது பாதிப் பாடம்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. அதற்குப் பிறகு ஊரில் அம்மை வந்தது.

பெரியம்மை. மலையாளத்தில் வசூரி என்பார்கள். முதலில் விழிஞ்ஞம் பக்கம் கடற்கரைக் குடிசைகளில் என்றார்கள். பிறகு தம்பானூரில் ஒரு லாட்ஜில் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் எங்கள் சந்திலேயே இரண்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் நெடி. சாலையில் காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர் காசை வாங்கித் தண்ணீர்ச் சட்டியில் போட்டார். இவர் ஆபீஸிலிருந்து வந்ததும் கோட்டை வெளியில் கழற்றிப் போட்டுவிட்டுக் கிணற்றடியில் குளித்த பிறகுதான் உள்ளே வருவார். பிள்ளையைத் தொடமாட்டார். கோமதி கதவிடுக்கில் நின்றுகொண்டு, "அப்பா, தொட்டுக்கிடட்டா?" என்று கேட்பாள். அவர் தலையைத் துவட்டுகிற சாக்கில் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்.

மற்ற வீடுகளுக்கு ஒரு பயம் என்றால் எங்களுக்கு இரண்டு. எந்தக் காய்ச்சல் வந்தாலும் சர்க்கரை தாறுமாறாக ஏறும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மருந்துக் குப்பி மதராஸிலிருந்து ரயிலில் வர வேண்டும். இவர் வாரம் இரண்டு தடவை தம்பானூருக்கு நடந்து போய் மருந்துக் கடையில் விசாரித்துவிட்டு வருவார். கடையில் இருக்கிறது என்று தெரிந்தாலும் அவருக்குத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

அம்மை குத்துகிறவர் வீடு வீடாக வந்தார். இவர் குத்திக்கொண்டார். மைனி பின்வாசல் வழியாகப் போய் ஒளிந்துகொண்டாள். எனக்குக் குத்தத் தேவையில்லை என்று என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். எனக்கு ஐந்து வயதில் பெரியம்மை வந்து போனது, முகம் நிறையத் தழும்பு. பெண் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். நாலாவதாக வந்த இவர் காப்பி நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது டம்ளர் கேட்டார், அத்தோடு மாட்டிக்கொண்டார்.

கோமதிக்கு என்ன செய்வது? அம்மை குத்தினால் நாலு நாள் காய்ச்சல் வரும். டாக்டரிடம் போய்க் கேட்டேன். "குத்தத்தான் வேணும். ஆனா இங்கே கொண்டுவந்து ரெண்டு நாள் வச்சுட்டுக் குத்தலாம், சர்க்கரையைப் பாத்துக்கலாம்," என்றார். ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக வண்டிகள், அவற்றில் துணியால் மூடிய ஆட்கள். இந்த இடத்துக்கா பிள்ளையைக் கொண்டுவருவது என்று எனக்குத் தோன்றியது. அடுத்த வாரம் பார்ப்போம், கூட்டம் குறையட்டும் என்று தள்ளிப்போட்டேன். நானும் மற்றவர்களைப் போலப் பயந்தேன், அவ்வளவுதான்.

மைனி தினமும் முத்தாரம்மனுக்கு விளக்கு வைத்தாள். எங்கள் நாஞ்சில் நாட்டில் அம்மையை நோய் என்று சொல்லுவது வழக்கமில்லை. அம்மன் வந்து முத்துப் போட்டுவிட்டுப் போகிறாள் என்பார்கள். அவள் இருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, மருந்து கூடாது. மூன்று தடவை வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி அவளை இறக்குகிற வரை இந்த விதி. ஒரு நாள் சாயங்காலம் நான் சிரிஞ்சைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது மைனி பேச்சுவாக்கில் சொன்னாள்.

"முத்துப் போட்ட வீட்டுல இரும்பு படப்பிடாது கேட்டியா? நம்ம வீட்டுக்கு அவ வந்துட்டா இந்த ஊசி என்ன ஆகும்னுதான் எனக்குக் கவலை."

"வரமாட்டா மைனி. அவளுக்கு நம்ம வீட்டு விலாசம் தெரியாது," என்றேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கோமதிக்கு உடம்பு சுட்டது. ரவிக்கையைக் கழற்றினேன். வயிற்றில் நாலு சிவப்புப் புள்ளிகள். மத்தியானத்துக்குள் அவற்றின் மேல் பனித்துளி அளவில் நீர் கோத்திருந்தது. எத்தனை, எங்கே, எப்போது என்று வழக்கம் போல நோட்டில் எழுதினேன். கை அதுபாட்டுக்கு எழுதியது. மனசு ஓ என்று அழுதுகொண்டிருந்தது.

மைனி வாசலில் வேப்பிலை கட்டினாள். கோமதியின் தலைமாட்டில் ஒரு கும்பம் வைத்து, அதில் தண்ணீரும் வேப்பங்கொழுந்தும் போட்டாள். பிறகு என்னிடம் வந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மிரட்டியிருந்தால் நான் எதிர்த்துச் சண்டை போட்டிருப்பேன். அவள் அழுதாள்.

"செம்பகம், நான் ஒண்ணுக்கும் உன்னைத் தடுத்ததில்லை. இந்த ஒரு மட்டம் கேளு. அவ கோவிச்சுக்கிட்டா நமக்குப் பிள்ளை இல்லாமப் போயிரும்."

கோமதி அன்று ஒன்றும் சாப்பிடவில்லை. வாய்க்குள்ளும் கொப்பளம். இரண்டு வாய் கஞ்சி, கொஞ்சம் மோர், அவ்வளவுதான். நான் கணக்குப் போட்டேன். சோறு உள்ளே போனால்தான் சர்க்கரை. சோறே போகவில்லை, அப்புறம் எதற்கு ஊசி? போட்டால் அன்று மாதிரி வேர்த்து மயங்கிவிடுவாள். இப்படியாக முத்தாரம்மனும் நானும் தனித்தனியாக யோசித்து ஒரே முடிவுக்கு வந்தோம். சிரிஞ்சைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். அம்மன் இருக்கிற வீட்டில் மூத்திரத்தைக் காய்ச்சுவது மகா தீட்டு என்று மைனி சொன்னதால் அதையும் நிறுத்தினேன். இவர் மட்டும், "டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேக்கண்டாமா?" என்றார். அம்மை வீட்டு ஆளை ஆஸ்பத்திரிக்குள் விடமாட்டார்கள் என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாள்.

கோமதி தொந்தரவே கொடுக்கவில்லை. காய்ச்சலும் குறைந்தது. சொறியாதே என்றால் சொறியவில்லை. "நம்ம பிள்ளையப் பாரு, அம்மன் மடியில கெடக்கா," என்று மைனி நெகிழ்ந்துபோனாள். இன்னொரு அதிசயத்தையும் சொன்னாள். கும்பத்தில் வைத்த தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கிறதாம். "அம்மன் குடிக்கா," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி நிரப்பினாள்.

திங்கட்கிழமை காலையில் அந்த அறைக்குள் போனேன். உள்ளே கைதச்சக்கை, அதாவது அன்னாசிப்பழ வாடை அடித்தது. நன்றாகப் பழுத்து, இன்னும் ஒரு நாள் போனால் அழுகிவிடும் என்கிற பக்குவத்தில் இருக்கிற வாடை. எங்கள் வீட்டில் கைதச்சக்கை வாங்கிப் பல மாதம் ஆகிறது. மைனி பூஜைக்கு வாங்கி வைத்திருக்கிறாளோ என்று கேட்டேன், இல்லை என்றாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பெட்டியை இழுத்துப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன், அங்கே வாடை இல்லை. மோப்பம் பிடித்துக்கொண்டே கட்டிலைச் சுற்றி வந்தேன். தலைமாட்டுப் பக்கம் போகப்போக வாடை கூடியது. கும்பத்தைத் தூக்கினேன். காலி. கோமதியின் முகத்தருகே குனிந்தேன். வாடை அவள் வாயிலிருந்து வந்தது. கீழுதட்டில் ஒரு வேப்பங்கொழுந்து ஒட்டியிருந்தது.

அம்மன் குடிக்கவில்லை. இந்தப் பிள்ளைதான் அந்தக் கசப்புத் தண்ணீரை மூன்று நாளாகக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"கோமதி, ஏட்டி கோமதி!" என்றேன். கண்ணைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். மூச்சு நீளநீளமாக, ஆழமாக, ஓடிவந்து நின்றவள் விடுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. படுக்கை நனைந்திருந்தது. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அந்தத் துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு குளிக்கிற மறைப்புக்குள் போய் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். குழாய் சூடாகக்கூட இல்லை, அதற்குள் செங்கல்.

மூன்று நாளாக ஒன்றும் சாப்பிடாத பிள்ளை. எங்கேயிருந்து வந்தது இவ்வளவு சர்க்கரை? அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். பிறகு உறைத்தது, சோறு போகாவிட்டாலும் சர்க்கரை ஏறும், ஊசியை நிறுத்தியதுதான் தப்பு.

அலமாரியிலிருந்து சிரிஞ்சை எடுத்துக்கொண்டு வந்தேன். மைனி வாசற்படியில் குறுக்கே நின்றாள். இவர் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவர். அன்று என் கையிலிருந்த செங்கல் நிறக் குழாயைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"அக்கா, வழி விடு. நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்," என்றார்.

"எறக்காம வாசல் தாண்டப்பிடாதுடா!"

"அப்போ நீயே பிள்ளையைக் காப்பாத்து," என்று சொல்லி அவர் விம்மிவிட்டார்.

மைனி கட்டிலை எட்டிப் பார்த்தாள். கோமதியின் மூச்சுச் சத்தம் அவளுக்கும் கேட்டது. சட்டென்று வாசலில் கட்டியிருந்த வேப்பங்குலையை அவிழ்த்துக் கையில் எடுத்தாள்.

"எறக்காமத் தாண்டப்பிடாதுதான். ஆனா அவளா எழுந்தருளினா யாரு தடுக்க முடியும்? அம்மன் நகர்வலம் போறா. தூக்குடா பிள்ளையை."

அந்த நேரத்தில் அவளுக்கு எப்படி அது தோன்றியதோ! விதியையும் மீறவில்லை, பிள்ளையையும் விடவில்லை. அவளை நான் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன், நேரம் இல்லை.

ஊசியைப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். வேப்பிலை கட்டிய வீட்டுக்கு எந்தக் குதிரை வண்டிக்காரனும் வரமாட்டான். இவர் சாலையில் அரிசிக் கடையின் கைவண்டியைக் கேட்டு வாங்கி வந்தார். அதில் பாயை விரித்துப் பிள்ளையைக் கிடத்தி, செக்ரட்டேரியட் குமாஸ்தா ஆபீஸ் கோட்டோடு அதைத் தள்ளினார். முன்னால் மைனி வேப்பங்குலையை வீசிக்கொண்டு, "அம்மன் வாறா, வழி விடுங்கோ! அம்மன் வாறா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். சாலையில் ஆட்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கும்பிட்டார்கள். எப்போதும் இடித்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய அந்தத் தெருவில் அன்று யாரும் எங்கள் மேல் படவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார்கள். அம்மைக்காரர்களுக்கு மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஓலைக் கொட்டகை, அங்கே போக வேண்டும். கூட இருக்க வேண்டுமென்றால் ஏற்கெனவே அம்மை வந்தவராக இருக்க வேண்டும். வாசலில் இருந்தவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், "நீங்க போகலாம்," என்றார். இத்தனை வருஷத்தில் அந்தத் தழும்புகளுக்கு நான் நன்றி சொன்னது அன்றுதான்.

டாக்டரைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் முதலில் கோமதியின் மூச்சை முகர்ந்தார்.

"ஊசி எப்போ நிறுத்தினீங்க?"

"வெள்ளிக்கிழமை. சாப்பிடல்லை, அதனால..."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தீனம் வந்தா ஊசி அதிகம் வேணும், குறைவல்ல," என்றார். "சாவி இல்லேன்னா சர்க்கரை வெளியிலேயே நிக்கும். உள்ளே உடம்பு பட்டினி. அடுப்புக்கு விறகு இல்லாதவன் வீட்டு உத்தரத்தை எடுத்து எரிக்கிற மாதிரி, உடம்பு தன் கொழுப்பையே எடுத்து எரிக்கும். அந்தப் புகைதான் இந்த வாடை. அது விஷம்."

அதற்குள் அவருக்கு இன்னொரு கேள்வி வந்துவிட்டது. இது பெரியம்மையா, சின்னம்மையா? பெரியம்மை என்றால் கொட்டகை. அங்கே சர்க்கரை பார்க்க ஆளில்லை. சின்னம்மையாக இருந்து கொட்டகையில் போட்டால், இந்தப் பிள்ளை அங்கே பெரியம்மையையும் வாங்கிக்கொள்ளும். இந்த நிலைமையில் அது வந்தால் பிழைக்காது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

நான் இடுப்பிலிருந்த நோட்டை எடுத்துக் கொடுத்தேன். காய்ச்சலும் புள்ளியும் ஒரே நாளில் வந்தது. வெள்ளி காலை வயிற்றில் நாலு. சாயங்காலம் முதுகில் பதினொன்று. சனிக்கிழமை வயிற்றில் இருந்தவை காயத் தொடங்கும்போது நெஞ்சில் புதிதாக ஒன்பது. உள்ளங்கையில், உள்ளங்காலில் ஒன்றுமில்லை. அவர் இரண்டு தடவை படித்தார்.

"யார் இதை எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லல்லை. சும்மா, பாக்கணும்னு தோணிச்சு."

"பெரியம்மை முகத்திலயும் கைகால்லயும்தான் ஜாஸ்தி வரும், எல்லாம் ஒரே பருவத்தில நிக்கும். காய்ச்சல் வந்து ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் முத்து வரும். இது அப்படியல்ல. பழசு காயுது, புதுசு வருது," என்று சொல்லிக்கொண்டே பிள்ளையின் நெஞ்சில் ஒரு கொப்பளத்தைத் தொட்டுப் பார்த்தார். "சின்னம்மைதான். ஏலியாம்மே, துணி வைக்கிற முறியை ஒழிச்சுக் கொடு."

அந்தச் சின்ன அறையில் ஒன்பது நாள் இருந்தோம். அலமாரியெல்லாம் துவைத்த போர்வைகள். முதல் இரண்டு நாள் ஒரு கண்ணாடிக் குடுவையிலிருந்து ரப்பர் குழாய் வழியாக உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நரம்பில் இறங்கியது. மணிக்கொரு தடவை ஊசி, மணிக்கொரு தடவை மூத்திரப் பரிசோதனை. ஏலியாம்மாவுக்கு அம்மைக் கொட்டகையிலும் வேலை இருந்தது. குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் எங்களிடம் வருவாள். அதனால் பரிசோதனைகளை நானே வராந்தாவில் உட்கார்ந்து செய்தேன். விஷப் புகை எவ்வளவு என்று பார்க்க வேறொரு சோதனையும் உண்டு, அதில் ஊதா வளையம் வரும். கத்தரிப் பூ நிறம், அவ்வளவு அழகு. அந்த அழகு குறையக் குறையத்தான் என் மகள் பிழைக்கிறாள் என்று அர்த்தம். அது மங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பசி தெரியவில்லை. அவள் போய்விட்டால் நானும் உயிரோடு இருக்கமாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன், அதனால் ஒரு வகையில் நிதானமாகவும் இருந்தேன்.

"பேடிக்கண்டா சேச்சி, பயப்படாதே. இந்தா, இதைக் குடி," என்று ஏலியாம்மா தன் சோற்றில் பாதியைக் கஞ்சியாகக் கரைத்துக் கொண்டுவந்து தருவாள். மைனி தினமும் வாசல் வரை வந்து, உள்ளே வர முடியாமல், மதிலுக்கு மேலே கையை நீட்டித் துணிமூட்டையைக் கொடுத்துவிட்டுப் போவாள். இவர் மதிலுக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் ஆபீஸ் விட்டதும் வந்து நிற்பார். நான் ஜன்னலில் நின்று, வந்த நிறத்துக்கேற்ப ஒரு துணியைக் காட்டுவேன். சிவப்பு ரவிக்கை, மஞ்சள் துண்டு, பச்சைப் புடவைத் தலைப்பு. புதன்கிழமை சாயங்காலம் முதல் தடவையாகப் பச்சையைக் காட்டினேன். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை கோமதி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். வெள்ளிக்கிழமை பால் குடித்தாள். அதற்கப்புறம் அவள் பேசாத பேச்சில்லை. ஏலியாம்மாவிடம் மலையாளத்தில் பாட்டுக்கூடப் படித்தாள்.

வீட்டுக்குப் போக வேண்டிய அன்று காலையில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரிடம் சொல்லாவிட்டாலும் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சிரிஞ்சு கையில் தயாராக இருந்தது, பக்கத்தில் அவளுக்கு ஒரு டம்ளர் பால்.

"மக்கா, அம்மா ஒரு தப்பு செஞ்சிட்டேன். மூணு நாளு உனக்கு ஊசி போடல்லை. அதனாலதான் உனக்கு இவ்வளவும் வந்துது."

அவள் கொஞ்ச நேரம் போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ செய்யல்லைம்மா. நான்தான்."

"நீ என்ன செஞ்சே?"

"அத்தை சொன்னால்லா, முத்துப் போட்ட வீட்டுல ஊசி போடப்பிடாதுன்னு. அதான் எனக்கு முத்துப் போடுன்னு நான் அம்மன்ட்ட தெனமும் கேட்டேன். அத்தை விளக்கு வைக்கும்போ கேட்டேன்."

நான் அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினேன்.

"தாகமா இருந்துது. உங்கிட்ட கேட்டா நீ ஊசி எடுத்துருவியேன்னு கும்பத்துத் தண்ணியைக் குடிச்சேன். கசப்பு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள். "ஆனா மூணு நாளும் நல்லா இருந்துதும்மா."

ஒன்றரை வருஷமாக அவள் அழாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்ததை நான் பழகிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். எறும்பு போகிற இடத்தைக் கண்டுபிடித்தவள் நான். அவளுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நாள்கூட அவளைக் கேட்கவில்லை. ஆயிரம் தடவை குத்திய கை அன்று மேலே எழவில்லை.

கோமதி பாவாடையை ஒதுக்கினாள். அன்று சுவர்ப் பக்கம் திரும்பவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடும்மா," என்றாள். "பாலு ஆறிருதுல்லா."